5.6 வினாடி "திடீரென்று" ஆகாது: டெம்பி விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

விபத்துப் படிவங்களில் நான் ஆகக் கூடுதலாக வாசித்த சொல் "திடீரென்று". திடீரென்று மாடு குறுக்கே வந்தது, திடீரென்று ஆட்டோ திரும்பியது, திடீரென்று ஒரு கிழவர் ரோட்டில் இறங்கிவிட்டார். திருகோணமலையிலும் அக்கம்பக்கத்திலும் விபத்து நடந்த இடத்துக்குப் போய், படம் எடுத்து, ரயர் தேய்ந்த தடத்தை அளந்து, இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டு வாகனக் காப்புறுதிக்கு அறிக்கை எழுதுவதுதான் 17 வருடமாக என் தொழில். மதில்கூடத் திடீரென்று வந்த கதை என்னிடம் இருக்கிறது. அதனால் அந்தச் சொல்லைக் கண்டால் முதலில் அந்தத் திடீர் எத்தனை வினாடி என்று கணக்குப் பார்ப்பேன்.

தானாக ஓடும் கார் மோதி, தெருவில் நடந்த ஒருவர் முதன்முதலாக இறந்த விபத்தின் விசாரணை அறிக்கையை நான் தேடி வாசித்ததும் இந்தப் பழக்கத்தால்தான். வாசித்து வைத்துவிட்டு மறந்தும் போயிருப்பேன். போன மாதம் நிலாவெளியிலிருந்து வரும்போது நடந்த ஒரு சின்ன விஷயம் அதைத் திரும்ப எடுக்க வைத்தது.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, புதிதாக ஒரு மின்சாரக் கார் எடுத்திருக்கிறான். 2020இல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்ட பிறகு இப்படியான கார்கள் எங்கள் ஊரிலும் கண்ணில் படுகின்றன. முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் குறைக்கும், கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தானே அசைக்கும், நடுவில் ஒரு தட்டம் அளவுக்குத் திரை. இரவு எட்டு மணியிருக்கும். சாம்பல்தீவு தாண்டி வருகிறோம், "அத்தான், இப்ப பாருங்கோ, நான் கால எடுத்திட்டன், கையும் சும்மாதான் வச்சிருக்கிறன்" என்றான். நானும் பார்த்தேன், திரையைத்தான். எங்களைச் சுற்றி ஓடும் வாகனங்களெல்லாம் அதில் சின்னச் சின்னப் பொம்மைகளாகத் தெரியும், பிள்ளைகள் விளையாடும் கேம் மாதிரி.

முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். கரியரில் அவரைவிடப் பெரிய புல்லுக்கட்டு. நான் அவரைக் கண்ணால் கண்டுவிட்டேன், திரையிலும் ஏதோ வந்துவிட்டது. ஆனால் வந்தது ஒரு கார்ப் பொம்மை. அது மறைந்து மோட்டார் சைக்கிள் வந்தது. அதுவும் மறைந்து வெறும் ரோடு. பிறகு ஒரு மனிதப் பொம்மை, அதற்குள் மச்சான் பிரேக்கை மிதித்துவிட்டான், நானும் இல்லாத பிரேக்கைத் தேடிக் காலடியில் இருந்த கார்ப்பெட்டை மிதித்துவிட்டேன். புல்லுக்கட்டுக்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தன்பாட்டில் கடந்து போனார்.

"திடீரெண்டு வந்திட்டார் அத்தான்" என்றான் மச்சான்.

எனக்கு வயிறு சில்லென்று ஆனது அவர் வந்ததால் அல்ல. கார், மறைவு, மோட்டார் சைக்கிள், மறைவு, மனிதன் என்ற அந்த வரிசையை நான் ஏற்கெனவே ஒரு அறிக்கையில் வாசித்திருந்தேன். அதிலும் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

டெம்பி, 2018 மார்ச் 18

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்றொரு நகரம். ஞாயிறு இரவு 9.58. ஊபர் நிறுவனம் பரிசோதனைக்கு ஓடவிட்டிருந்த வொல்வோ எக்ஸ்சி90 ஒன்று மில் அவெனியூ என்ற அகலமான வீதியில் வடக்கு நோக்கி வருகிறது. வொல்வோ செய்தது வண்டியை மட்டும்தான், அதன் மேல் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார், வானொலி அலையால் அளக்கும் ராடார், கமரா எல்லாம் பூட்டி, தானே ஓட்டும் மென்பொருளை ஏற்றியது ஊபர். சாரதி ஆசனத்தில் ஒரு பெண், ஓட்டுவதற்காக அல்ல, கார் பிழை விட்டால் பிடித்துக்கொள்வதற்காக. வீதியின் எல்லை வேகம் மணிக்கு 45 மைல், நம் கணக்கில் 72 கிலோமீற்றர், காரும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வந்தது.

49 வயதுப் பெண்ணொருவர் சைக்கிளில் பைகளைத் தொங்கவிட்டு, தள்ளிக்கொண்டு வீதியைக் கடக்கிறார். பாதசாரிக் கடவை அங்கிருந்து சுமார் 110 மீற்றர் தள்ளி இருந்தது. மூன்று லேனைக் கடந்துவிட்டார், நான்காவதில் கார் அவரை மோதியது. வேகம் அப்போது 39 மைல், 63 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அவர் இறந்துபோனார்.

அடுத்த நாளே நகரப் பொலிஸ் பொறுப்பதிகாரி, இருட்டிலிருந்து ரோட்டுக்கு வந்துவிட்டார், யார் ஓட்டியிருந்தாலும் தவிர்ப்பது கஷ்டம் என்ற மாதிரி ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். காரில் இருந்த கமராவின் காட்சியையும் வெளியிட்டார்கள், அதில் எல்லாம் கும்மிருட்டு, கடைசி நேரத்தில்தான் ஆள் தெரிகிறார். பார்த்தவர்கள் எல்லோரும் "திடீரென்று" என்றார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்களே இரவில் அதே வீதியில் போய்த் தங்கள் ஃபோனில் படம் பிடித்துப் போட்டார்கள், வீதி விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மலிவுக் கமரா இரவைக் கறுப்பாக்கும், இது எனக்கு டாஷ்காம் காட்சிகள் பார்த்துப் பார்த்துத் தெரிந்த விஷயம். தவிர, லைடாருக்கும் ராடாருக்கும் வெளிச்சமே தேவையில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தது. விமானம் விழுந்தால் விசாரிக்கிற அதே சபை. 2019 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். காரின் பதிவுகளிலிருந்து அவர்கள் எடுத்த நேரக்கணக்குத்தான் இந்தக் கேஸின் உயிர்நாடி.

கண்டது, ஆனால் பெயர் தெரியவில்லை

மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே ராடார் அவரைக் கண்டுவிட்டது.

அந்த வேகத்தில் 5.6 வினாடி என்றால் கிட்டத்தட்ட 110 மீற்றர். மக்கெய்சர் மைதானத்தில் ஒரு கோல் கம்பத்தடியில் நீங்கள் நின்றால் மற்றக் கோல் கம்பம் எவ்வளவு தூரம், ஏறக்குறைய அவ்வளவு. மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் சாதாரண சாரதி, ஒன்றரை வினாடி திகைத்துவிட்டு பிரேக் பிடித்தாலும், காய்ந்த ரோட்டில் 60 மீற்றருக்குள் நின்றுவிடுவார். பாதித் தூரம் மிச்சம்.

கார் என்ன செய்தது? முதலில் அவரை "வாகனம்" என்று எடுத்தது. பிறகு "வேறு ஏதோ". திரும்ப வாகனம். பிறகு ஒரு வினாடிக்கு மேலாக வாகனம், வேறு ஏதோ, வாகனம், வேறு ஏதோ என்று மாறி மாறி. மோதலுக்கு 2.6 வினாடி இருக்கும்போது "சைக்கிள்". ஒன்றரை வினாடியில் மறுபடியும் "வேறு ஏதோ". 1.2 வினாடியில் மறுபடியும் "சைக்கிள்". கடைசிவரைக்கும் "நடந்து போகும் ஆள்" என்று அது அவரை எடுக்கவே இல்லை.

ஏன்? கடவை இல்லாத இடத்தில் ஒரு ஆள் ரோட்டைக் கடக்கக்கூடும் என்ற யோசனையே அந்த மென்பொருளின் வடிவமைப்பில் இருக்கவில்லை. இந்த வரியை வாசித்துவிட்டு நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். எங்கள் கடைத்தெருவில் மஞ்சள் கடவையில் மட்டும் ரோட்டைக் கடக்கும் ஒருவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். அரிசோனாவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அந்த இடத்தில் வீதி நடுத்தீவில் நடைபாதை போலக் கல் பதித்து வைத்திருந்தார்கள், கூடவே "இங்கே கடக்காதே" என்று பலகையும்.

இதைவிடச் சிக்கலான ஒன்று அதற்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பெயர் மாறும்போது, அந்தப் பொருள் இதுவரை எந்தப் பக்கமாக நகர்ந்து வந்தது என்ற பழைய கணக்கைப் புதிய கணிப்புக்கு எடுக்காமல் விட்டுவிட்டது அந்த மென்பொருள். பெயர் புதிது என்றால் ஆளும் புதிது. ஆகவே அவர் இடமிருந்து வலமாகச் சீராக நடந்து வந்தாலும், காருக்கு ஒவ்வொரு முறையும் அங்கே ஏதோ சும்மா நிற்கிறது, அல்லது பக்கத்து லேனில் தன்பாட்டில் போகிறது. ஒருவர் வீட்டுப் படலையடியிலிருந்து உங்களை நோக்கி வருகிறார், நீங்கள் முதலில் தபால்காரர் என்கிறீர்கள், பிறகு இல்லை பக்கத்து வீட்டுக்காரர் என்கிறீர்கள், பிறகு யாரோ தெரியாது என்கிறீர்கள். யாராக இருந்தாலும் அவர் வந்துகொண்டுதானே இருக்கிறார்?

எனக்கு வாகனம் பழக்கியது அப்பா, பழைய மொரிஸ் மைனரில், உவர்மலை இறக்கத்தில். அவர் சொன்னதில் பாதி எனக்கு ஞாபகமில்லை, ஒன்று மட்டும் இருக்கிறது: "முன்னுக்கு நிக்கிறது என்னெண்டு தெரியேல்லையா, முதல்ல பிரேக்கில கால வை, பிறகு என்னெண்டு பார்." ஊபரின் கார் இதைத் தலைகீழாகச் செய்தது. முதலில் என்னவென்று பார்ப்போம், பிறகு பிரேக். பார்த்து முடிக்கவில்லை.

அந்த ஒரு வினாடி

1.2 வினாடி மிச்சம் இருக்கும்போது காருக்கு விளங்கிவிட்டது, இது என் பாதையில் நிற்கிறது, மோதப்போகிறேன் என்று. சரி, அப்போதாவது பிரேக் அடித்ததா?

இல்லை. ஒரு வினாடி காத்திருந்தது. பழுதால் அல்ல, அப்படித்தான் செய்திருந்தார்கள். பரிசோதனைக் கார்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சடார் சடாரென்று பிரேக் அடிக்கும் என்பதால், ஆபத்து என்று கணித்தாலும் ஒரு வினாடிக்கு பிரேக்கை அடக்கி வை, அதற்குள் அது உண்மையா என்று சரிபார், அல்லது ஆசனத்தில் இருக்கும் மனிதர் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அந்த ஒரு வினாடி முடிய 0.2 வினாடிதான் மிச்சம், நாலு மீற்றர். அப்போதும் அது முழு பிரேக் அடிக்கவில்லை. மோதலைத் தவிர்க்க முடியாது என்றால் மெதுவாக வேகத்தைக் குறை, மனிதருக்குச் சத்தம் கொடு என்பதுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. சத்தம் கொடுத்தது. மோதலுக்கு 0.02 வினாடி இருக்கும்போது ஆசனத்தில் இருந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிரேக்கில் கால் வைத்தது மோதிய பிறகு.

இன்னொன்று. அந்த வொல்வோவில் கம்பனியே வைத்த தானியங்கி பிரேக் இருந்தது, கடையில் வாங்கும் எல்லா எக்ஸ்சி90இலும் வருவது. ஊபரின் மென்பொருள் ஓட்டும்போது அதை அணைத்து வைத்திருந்தார்கள், இரண்டு ராடாரும் ஒன்றோடொன்று குழம்பும் என்று. பிறகு வொல்வோ அந்த விபத்தையே கணினியில் 20 விதமாக ஓட்டிப் பார்த்தது, தன் பிரேக் வேலை செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று. 17 தடவை மோதலே இல்லை. மற்ற மூன்றிலும் மோதும் வேகம் மணிக்கு 10 மைலுக்கும் கீழ். ஆகவே தானாக ஓடாத சாதாரண வொல்வோவாக இருந்திருந்தால் அவர் பெரும்பாலும் உயிரோடு இருந்திருப்பார். எத்தனையோ விபத்து அறிக்கை எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு பந்தியை எழுத வேண்டி வந்ததில்லை.

யார் பெயரை எழுதுவது

ஆசனத்தில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஃபோனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து திரும்ப ரோட்டைப் பார்த்தது மோதுவதற்கு ஏறக்குறைய ஒரு வினாடிக்கு முன்தான். சபையும் உடனடிக் காரணம் என்று இதைத்தான் முதலில் சொன்னது: அவர் கவனிக்கவில்லை. மறுக்க முடியாது. இறந்தவரும் கடவையில் கடக்கவில்லை, அவரது இரத்தத்தில் போதைப்பொருளும் இருந்தது, அதையும் அறிக்கை சொல்கிறது.

ஆனால் அறிக்கை அதோடு நிற்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு காருக்கு இரண்டு பேர், ஒருவர் ரோட்டைப் பார்க்க, மற்றவர் திரையைப் பார்த்துக் குறிப்பெடுக்க. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஊபர் அதை ஒருவராகக் குறைத்தது. உள்ளே திருப்பிய கமரா எல்லாவற்றையும் படம் பிடித்தது, ஆனால் அதை யாரும் ஒழுங்காக எடுத்துப் பார்ப்பதில்லை. பாதுகாப்புக்கென்று ஒரு தனிப் பிரிவோ எழுதி வைத்த பாதுகாப்புத் திட்டமோ இல்லை. ஆசனத்தில் இருந்தவர் அதே பாதையில் இரவு இரவாக எழுபது எண்பது தடவை போய்வந்தவர், கார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஒன்றும் நடக்கவில்லை. அப்படி உட்கார்ந்திருக்கும் எந்த மனிதனுக்கும் கவனம் கழன்றுபோகும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் நேர் ரோட்டில், தான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நித்திரை தூங்கியவர்களின் வாகனங்களை நான் காட்டுக்குள்ளிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் சும்மா இரு, ஆனால் அரை வினாடியில் பாய்ந்து பிடி என்பது மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய வேலையே அல்ல.

மாநிலத்தையும் சபை விடவில்லை. 2016 டிசம்பரில் கலிபோர்னியா, அனுமதி எடுக்காமல் ஓடுகிறீர்கள் என்று ஊபரின் கார்ப் பதிவுகளை ரத்துச் செய்தபோது, அரிசோனா ஆளுநர் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டுக் கொண்டுவந்தவர். விபத்து நடந்த பிறகு அதே ஆளுநர்தான் நிறுத்தினார்.

இனித் தண்டனை. 2019இல் அரச தரப்பு வழக்கறிஞர், ஊபருக்குக் குற்றவியல் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். 2020இல் ஆசனத்தில் இருந்தவர் மீது கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு. 2023 ஜூலையில் அதைவிடக் குறைந்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று வருடக் கண்காணிப்பில் விடப்பட்டார். ஊபர் 2020 டிசம்பரில் அந்தப் பிரிவையே அரோரா என்ற கம்பனிக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. ஒரு வினாடி பொறு என்று எழுதி வைத்தவர்கள், பிரேக்கை அணைத்தவர்கள், இரண்டாவது ஆளைக் குறைத்தவர்கள், யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும், விபத்துக்குப் பிறகு ஊபர் அந்த ஒரு வினாடியை எடுத்துவிட்டது, வொல்வோவின் பிரேக்கைத் திரும்பப் போட்டது, இரண்டு பேரை ஏற்றியது, ஆள் எங்கேயும் கடக்கலாம் என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தது. எல்லாமே முதலிலேயே செய்திருக்கக்கூடியவை.

ஆசனத்தில் ஆளே இல்லாதபோது

அது பழைய கதை, இத்தனை வருடத்தில் எல்லாம் திருந்திவிட்டது என்று சொல்வீர்கள். பாதி சரி. 2023 ஒக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை மோதிவிட்டு ஓடிவிட்டது, அவர் தூக்கி எறியப்பட்டு குரூஸ் கம்பனியின் ஆளில்லாக் காரின் முன்னால் விழுந்தார். கார் பிரேக் அடித்தது, ஆனாலும் மோதி நின்றது. அதுவரைக்கும் மனிதனும் அவ்வளவுதான் செய்திருப்பான். அதன்பிறகு நடந்ததுதான் வேறு. பக்கவாட்டில் ஏதோ இடித்துவிட்டது என்று கணித்து, விபத்து நடந்தால் ஓரத்தில் ஒதுங்கு என்ற கட்டளைப்படி, தனக்குக் கீழே ஆள் கிடப்பது தெரியாமல், சுமார் 20 அடி, ஆறு மீற்றர், இழுத்துக்கொண்டு போனது. அவர் உயிர் பிழைத்தார்.

இங்கேயும் பிழையாகப் போனது பெயர்தான். "பக்கத்தில் இடி" என்று பெயர் வைத்தாயிற்று, அதற்குரிய வேலையைக் கார் ஒழுங்காகச் செய்தது. எங்கள் ஊரில் ஒருவன் ஆளை மோதினால், ஓடிப்போகிறவனைத் தவிர, மற்றவன் முதலில் இறங்கிக் கீழே குனிந்து பார்ப்பான்.

இழுத்துப் போன விஷயத்தைக் கம்பனி, அரச அதிகாரிகளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று பிறகு வெளிவந்தது. கலிபோர்னியா மூன்று வாரத்தில் அனுமதியை நிறுத்தியது, தலைமை அதிகாரி பதவி விலகினார், பொய்யான அறிக்கை கொடுத்ததற்கு ஐந்து லட்சம் டொலர் தண்டம், 2024 டிசம்பரில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டர்ஸ் இந்த ரோபோ டாக்ஸித் தொழிலே வேண்டாம் என்று கையைக் கழுவியது. விபத்தைவிட விபத்தை மறைத்ததால் மூடிய கடை. இதுவும் எனக்குத் தொழிலில் பழக்கமான விஷயம்தான்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும்

இலங்கையில் வருடத்துக்கு 2,000க்கும் மேற்பட்டவர்கள் வீதியில் சாகிறார்கள், அவர்களைக் கொன்றது மென்பொருள் இல்லை. வெறி, நித்திரை, வேகம், ஃபோன். ஆளில்லா டாக்ஸி ஓட்டும் வேமோ நிறுவனம் 2025 நடுப்பகுதிக்குள் சாரதி ஆசனம் வெறுமையாக 100 மில்லியன் மைல் ஓடிவிட்டதாகச் சொல்கிறது. தன் கார்கள் ஓடிய முதல் 56.7 மில்லியன் மைலை வைத்து அது வெளியிட்ட ஆய்வில், அதே நகரங்களில் மனிதர் ஓட்டுவதோடு பார்த்தால், நடந்து போகிறவர்கள் காயப்படும் மோதல்கள் 92 வீதம் குறைவு. கம்பனியே தன்னைப் பற்றிச் சொல்வதை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும், ஆனாலும் தூக்கி எறியக்கூடிய எண் இல்லை. நான் இந்தக் கார்களுக்கு எதிரி இல்லை, என் பதினேழு வருட அறிக்கைகளில் பாதியை அவை இல்லாமல் செய்துவிடும் என்றால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் மரணத்தைப் பற்றிய கணக்கு வேறு. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் ஒரு கணக்குப் போட்டது: இந்தக் கார்கள் மரணத்தில் மனிதரைவிட மோசம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல, ஒரு சாவும் இல்லாமல் 275 மில்லியன் மைல் ஓடிக்காட்ட வேண்டும். அதோடு வேமோ ஓடுவது பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற, ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே அளந்து வரைபடம் ஏற்றி வைத்த ஊர்களில்.

எங்கள் ஊரை யார் அளப்பது? கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்கள், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் வாகனத்துக்கு நடுவில் நின்று பொலித்தீன் பை மென்றுகொண்டிருக்கும். கந்தளாய் தாண்டினால் யானை. எங்கும் கட்டாக்காலி மாடுகள், இரவானால் தார் சூடாக இருக்கும் என்று ரோட்டிலேயே படுத்துவிடும், கறுத்த மாடு கறுத்த தாரில். படுத்திருக்கும் மாட்டுக்கு அந்தத் திரையில் பொம்மை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இதே வொல்வோ, சுவீடன் காட்டு மானைப் பார்த்துப் பழகிய விலங்கு கண்டறியும் கருவியை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காரு குதிக்கக் குதிக்கத் தூரம் தெரியாமல் குழம்பியது, 2017இல் கம்பனியே ஒத்துக்கொண்ட விஷயம். நிலத்தை வைத்துத் தூரம் அளக்கும் கருவிக்கு, மேலே எழும்பினால் தூரப் போய்விட்டது, கீழே வந்தால் கிட்ட வந்துவிட்டது.

விலங்கை விடுங்கள், மனிதருக்கு வாருங்கள். இங்கே எதிரே வருகிறவன் லைட்டை அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். வேறு நாடுகளில் அதே லைட்டுக்கு "நீ போ" என்று அர்த்தம். தனியார் பஸ்ஸின் ஹோர்னில் குறைந்தது நாலு பாஷை உண்டு. நிலாவெளி ரோட்டில் காற்றுக்கு மணல் ஏறி ஓரக்கோடு மறைந்துவிடும், கோட்டைப் பார்த்து ஓடும் கார் அங்கே எதைப் பார்க்கும்? அன்றைக்கு மச்சானின் கார் இரண்டு தடவை ஸ்டியரிங்கைச் சும்மா வெட்டியது, அவன் அதைச் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

மச்சானின் கார் தானாக ஓடும் காரே அல்ல என்பது வேறு விஷயம். இந்தத் துறையில் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை படி வைத்திருக்கிறார்கள். அவனுடையது இரண்டாம் படி, உதவி மட்டும்தான், கண்ணும் பொறுப்பும் முழுக்க ஓட்டுகிறவருடையது. வேமோ நாலாம் படி, குறித்த இடத்துக்குள் முழுப் பொறுப்பும் காருடையது. விற்கும்போது இதை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதில்லை. "தானா ஓடும்" என்றுதான் அவனுக்குச் சொல்லி விற்றிருக்கிறார்கள், கையேட்டில் 200 பக்கத்துக்குப் பிறகு சின்ன எழுத்தில் மிச்சம் இருக்கிறது, ஆங்கிலத்தில்.

அன்றிரவு உப்புவெளி வந்து சேரும்வரை டெம்பிக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். புல்லுக்கட்டுக்காரர் ரோட்டில் இறங்கியதிலிருந்து நீ பிரேக் பிடிக்கும்வரை ஐந்து வினாடியாவது இருக்கும், நான் எண்ணினேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அத்தான், பட்டிருந்தா உங்கட படிவத்தில சாரதி எண்ட இடத்தில என்ன எழுதுவீங்கள்? கார் எண்டா?"

"1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமடா, அதில காருக்கு லைசன்ஸ் இல்லை. உன்ர பேர்தான்."

"கம்பனி பேர்?"

"அதுக்குக் கட்டம் இல்லை."

அனுராதபுரச் சந்தியில் இரண்டு மாடு நின்றது. அதற்கு முன்பே அவன் காரைத் தானாக ஓடவிடும் அந்தப் பொத்தானை அமத்தி அணைத்திருந்தான், எப்போது என்று நான் கவனிக்கவில்லை. ஹோர்ன் அடித்தான், மாடு அசையவில்லை, சுற்றிக்கொண்டு போனோம்.